ஓடுபவரின் முழங்கால் வலிக்கு யாரிடம் செல்வது?

திருகோணமலையில் உப்புவெளிக் கடற்கரையின் சரிந்த மணலிலோ நிலாவெளி வீதியிலோ ஓடுபவருக்கு முழங்கால் சில்லைச் சுற்றி வலி தோன்றி, படி இறங்கும்போதும் நெடுநேரம் அமர்ந்து எழும்போதும் அது கூடுமாயின், முதலில் நாடத்தக்கவர் பெரும்பாலும் இயன்மருத்துவரே (பிசியோதெரபிஸ்ட்) ஆவார். இவ்வகை வலிக்குத் தொடை, இடுப்புத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியே முதன்மையான சிகிச்சை. எக்ஸ்ரேயோ ஸ்கேனோ பொதுவாகத் தேவைப்படுவதில்லை.

ஆனால் முழங்கால் திருகியவுடன் வீங்கினாலோ, மடங்கிய நிலையில் இறுகிக்கொண்டாலோ, காலூன்ற இயலாமற் போனாலோ, காய்ச்சலுடன் மூட்டுச் சிவந்து சூடேறினாலோ, தாமதியாது திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். எலும்பியல் நிபுணர் தேவையா என்பதை அங்குள்ள மருத்துவர் தீர்மானிப்பார். இத்தகைய நிலையில் முறிவு நெரிவு வைத்தியரிடம் எண்ணெய்க் கட்டுப் போட்டுக்கொண்டு நாட்களைக் கடத்துவதை நான் ஏற்கமாட்டேன்.

இயன்மருத்துவரைத் தெரிவு செய்யும்போது, அவர் இலங்கை மருத்துவச் சபையில் பதிவு பெற்றவரா என்று தயங்காமல் கேளுங்கள். வாரத்தில் எவ்வளவு தூரம் ஓடுகிறீர்கள், அண்மையில் தூரத்தையோ வேகத்தையோ திடீரென உயர்த்தினீர்களா, எத்தகைய சப்பாத்து அணிகிறீர்கள் என்றெல்லாம் விசாரித்து, ஒற்றைக் காலில் உங்களைக் குந்தச் செய்து பார்ப்பவர் நம்பத்தக்கவர். வலித்த இடத்தில் மின்கருவியை வைத்துவிட்டு அடுத்த நோயாளியிடம் செல்பவரை விட, வீட்டில் செய்யும் பயிற்சிகளைக் கற்பித்து, ஓட்டத்தை முற்றாக நிறுத்தாமல் எந்த அளவுக்குக் குறைக்கலாம் என்று கூறுபவரே மேல். ஆறு முதல் பன்னிரண்டு வாரப் பயிற்சிக்குப் பின்னரும் முன்னேற்றம் இல்லையெனில், விளையாட்டு மருத்துவரிடம் அனுப்புமாறு அவரிடமே கேட்கலாம்.