தாயகத்தில் கோல்ஃப்: எந்த மாதம், எந்த மைதானம், எந்த வரிசை

தமிழ்நாட்டுக்கோ இலங்கைக்கோ போகும் தாயகப் பயணத்தில் கோல்ஃபுக்கு ஒதுங்கக் கிடைப்பது இரண்டு மூன்று காலைப்பொழுதுகள்தான். மீதி நாள்கள் கல்யாண வீடு, கோயில், உறவினர் என்று ஓடிவிடும். கிடைக்கும் அந்தச் சில காலைகள் வீணாகாமல் இருக்க, மைதானத்தின் புகழைவிட நீங்கள் போகும் மாதத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பள்ளி விடுமுறையை ஒட்டி வருவோர் ஜூலை, ஆகஸ்டிலோ டிசம்பரிலோ வருகிறார்கள். ஜூலையில் ஊட்டியும் நுவரெலியாவும் நனைந்து கிடக்கும். டிசம்பரில் திருகோணமலையில் மழை ஓய்ந்திருக்காது. கீழே தரும் வரிசை, மாதம் ஒத்துவந்தால் மட்டுமே செல்லும்.

மைதானங்களை மூன்று அளவுகோலில் பார்த்திருக்கிறோம்: வடிவமைப்பு, பராமரிப்பு, ஆடும் வசதி. ஆடும் வசதிக்குப் பாதி மதிப்பெண். வாடகை மட்டைகள், பழகாத புல், தீராத விமானக் களைப்பு ஆகியவற்றோடு ஆடுபவருக்குப் பந்து தொலையாமல் 18 குழிகளையும் முடிப்பதே பெரிய விஷயம்.

முதலிடம் கண்டிக்கு அருகே திகனயில் உள்ள விக்டோரியாவுக்கு. டொனால்ட் ஸ்டீல் வடிவமைத்து 1999 இல் திறக்கப்பட்டது. பார் (தேர்ந்த ஆட்டக்காரர் முழுச் சுற்றை முடிக்க எடுக்கும் அடிகள்) 73, பின் டீயிலிருந்து (டீ என்பது ஒவ்வொரு குழிக்கும் முதல் அடியை அடிக்கும் இடம்) ஏறத்தாழ 6,900 யார். விக்டோரியா நீர்த்தேக்கம் சுற்றிவர, பழைய தென்னைகளை வெட்டித் தள்ளாமல் அவற்றினூடே ஃபேர்வேக்களை (டீக்கும் குழிக்கும் இடையே சீராக வெட்டிய புல்வழி) விட்டிருக்கிறார்கள். இதன் சிறப்பு அகலத்தில் இருக்கிறது. டீயில் நின்றால் அடிக்க இடம் தாராளமாகத் தெரியும். ஆனால் தவறான பக்கத்தில் பந்தை வைத்தால் கிரீனுக்கான (குழி இருக்கும் வழவழப்பான புல்தரை) அடுத்த அடியைத் தென்னையோ சரிவோ மறைக்கும். 24 ஹேண்டிகேப்காரரும் 4 ஹேண்டிகேப்காரரும் (எண் குறையக் குறைய ஆட்டத் திறன் கூடும்) ஒரே குழுவில் மகிழ்ந்து ஆடக்கூடிய மைதானம் இது. மேடு பள்ளம் அதிகம். நடந்து ஆடப்போகிறவர் விடியலில் தொடங்க வேண்டும், இல்லையேல் வண்டி எடுக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழையை மத்திய மலைகள் பெருமளவு மறைப்பதால் ஜூலை, ஆகஸ்டில் கண்டி நகரம் நனையும் நாள்களிலும் திகனயில் ஆட முடிவதுண்டு. டிசம்பர், ஜனவரியில் நிலைமை மாறும். வடகீழ்ப் பருவமழை இந்தப் பக்கத்தைத்தான் தாக்கும்.

இரண்டாமிடம் ஊட்டி. ஊட்டி ஜிம்கானா கிளப்பின் 18 குழிகளும் நீலகிரிப் புல்வெளி மேடுகளின் மேல் கிடக்கின்றன. மண்ணை வெட்டிக் கொட்டி உருவாக்கிய செயற்கை மேடுகள் இங்கே கிடையாது. நிலம் எப்படி மடிந்திருக்கிறதோ அப்படியே ஃபேர்வே போகும். ஆகவே சமதரையில் கால் ஊன்றி அடிக்கும் வாய்ப்பு குறைவு. பந்து காலைவிட உயரத்தில் இருந்தால் இடப்பக்கம் வளையும், தாழ இருந்தால் வலப்பக்கம் ஓடும் (இடக்கைக்காரருக்கு மாறி வரும்). ஒரு படி கூடுதல் தூரம் போகும் மட்டையை எடுத்து முக்கால் வீச்சில் அடிப்பதே பாதுகாப்பு. ஓரங்களில் மஞ்சள் பூக்கும் கோர்ஸ் (gorse) என்ற முட்புதர் உண்டு. அதற்குள் போன பந்தைத் தேடாதீர்கள். முழங்கை வரை கிழிக்கும். பராமரிப்பில் விக்டோரியாவுக்குப் பின்தான் நிற்கிறது, ஆனால் நில அமைப்பில் தமிழ்நாட்டில் இதற்கு நிகர் இல்லை.

நுவரெலியாவுக்கு மூன்றாமிடம். 1889 இல் தொடங்கிய கிளப். நகரின் நடுவிலேயே இருப்பதால் தங்குமிடத்திலிருந்து நடந்தே போகலாம். நீளம் குறைவு என்று ஸ்கோர் கார்டைப் பார்த்து ஏமாறக் கூடாது. இருபுறமும் நெடிய மரங்கள், ஒடுங்கிய ஃபேர்வே, சிறிய கிரீன்கள், குறுக்கே ஓடைகள். டிரைவரை (மிகத் தூரம் அடிக்கும் நீள மட்டை) பையிலேயே விட்டுவிட்டு 200 யார் நேராகப் போகும் மட்டையால் ஆடுகிறவருக்கு நல்ல ஸ்கோர் வரும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை சிறந்த காலம்; ஏப்ரல் வசந்த காலக் கொண்டாட்டத்தின்போது அறையும் டீ நேரமும் (ஆட்டம் தொடங்கப் பதிவு செய்யும் நேரம்) கிடைப்பது கடினம். மலையகத் தமிழர் பெரும்பான்மையாக வாழும் மாவட்டம் என்பதால் தமிழ் பேசும் கேடியை (மட்டைப் பை சுமந்து வழிகாட்டும் உதவியாளர்) கேட்டுப் பெறலாம்.

மலை மைதானங்களில் பலர் தடுமாறுவது தூரக் கணக்கில். காற்று மெலிந்திருப்பதால் பந்து கூடுதலாகப் பறக்கும்: ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 3.8 சதவீதம். நுவரெலியா 1,868 மீட்டரில் இருக்கிறது, ஆகவே சுமார் 7 சதவீதம்; ஊட்டி 2,240 மீட்டர், சுமார் 8.5 சதவீதம். லண்டனிலோ டொரன்டோவிலோ உங்கள் 7 நம்பர் அயர்னால் (நடுத்தரத் தூரத்துக்கான மட்டை) அடித்த பந்து 150 யார் போனால் இங்கே 160ஐத் தாண்டும். ஆனால் குளிர்ந்த காலையில் அந்தக் கூடுதலில் பாதி வரை கழிந்துவிடும். முற்பகலில் வெயில் ஏறியதும் அதே மட்டை கிரீனைத் தாண்டி விழும். முதல் சில குழிகளில் வழக்கமான மட்டையையே எடுங்கள். உடல் சூடானபின் ஒரு படி குறைந்த தூரம் போகும் மட்டைக்கு மாறுங்கள். மேட்டிலோ பள்ளத்திலோ உள்ள கிரீனுக்கு, உயர வேறுபாடு எத்தனை யாரோ அத்தனை யாரைக் கூட்டவோ கழிக்கவோ வேண்டும்.

பராமரிப்பை மட்டும் பார்த்தால் அம்பாந்தோட்டை ஷங்ரிலா முதலில் வரும். ரொட்னி ரைட் வடிவமைத்த பார் 70 மைதானம், 2016 இல் திறக்கப்பட்டது. உலர்ந்த தரை, ரிசார்ட் பராமரிப்பு, ஆண்டு முழுதும் நம்பிப் போகலாம். நான்காமிடம் தரக் காரணம் தூரமும், மே முதல் செப்டம்பர் வரை வீசும் கடற்காற்றும்.

ஐந்தாமிடத்தில் றோயல் கொழும்பு. 1879 இல் தொடங்கிய கிளப், பொரளை மைதானம் பார் 71. களனிவெளி ரயில் பாதை மைதானத்தினூடே போகிறது. கேடி கைகாட்டும்வரை தண்டவாளத்தைக் கடக்க வேண்டாம். சமதரை என்பதால் விமானத்தில் இறங்கிய மறுநாளே ஆட ஏற்றது. ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை வழக்கம் என்பதால் காலை 7 மணிக்கு முன் தொடங்கினால் தப்பலாம்.

அடுத்து கொடைக்கானல், 1895 இல் தொடங்கியது. அழகில் குறைவில்லை, ஆனால் ஃபேர்வேயில் காட்டுமாடுகள் மேயும். அவற்றை விரட்டவோ படம் எடுக்க நெருங்கவோ கூடாது. பந்து அவற்றின் அருகே கிடந்தால் கோல்ஃப் விதி 16.2 இன்படி தண்டனையின்றி ஆபத்தில்லாத இடத்துக்கு மாற்றி ஆடலாம். பந்தைக் குரங்கு தூக்கிப்போனால் விதி 9.6 இன்படி பழைய இடத்திலேயே வேறு பந்தை வைக்க வேண்டும், அதற்கும் தண்டனை இல்லை. கோயம்புத்தூர் செட்டிபாளையம் மைதானம் நீளமானது, பார் 72, சுமார் 7,000 யார். ஜூலையில் ஊட்டி மழையில் இருக்கும்போது இங்கே தரை காய்ந்திருக்கும், ஆனால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பலமாக வீசும். சென்னையில் நந்தனம் காஸ்மோ மைதானம் வசதிக்காக மட்டும். ஜனவரி, பிப்ரவரி ஏற்றது. கிண்டி ஜிம்கானா மைதானம் குதிரைப் பந்தயத் திடலுக்குள் இருப்பது. அந்த நிலத்தின் குத்தகையை அரசு 2024 செப்டம்பரில் ரத்து செய்ததால், கிளப்பில் நேரடியாகக் கேட்காமல் அதை நம்பித் திட்டமிட வேண்டாம். திருகோணமலை பக்கம் சொந்த ஊர் உள்ளவர்களுக்குச் சீனக்குடாவில் விமானப்படையின் ஈகிள்ஸ் மைதானம் இருக்கிறது. படைத்தளப் பகுதி, எனவே அடையாள ஆவணத்துடன் முன்பதிவு கட்டாயம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை உலர்ந்திருக்கும்.

முன்பதிவு செய்யும்போது இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேளுங்கள். கிரீன்களில் கடைசியாக எப்போது துளையிட்டு மணல் தூவினார்கள்? அதன்பின் இரண்டு மூன்று வாரங்களுக்குப் பந்து துள்ளித் துள்ளித்தான் உருளும். தற்காலிகக் கிரீன் ஏதும் உண்டா? இருந்தால் கட்டணத்தில் சலுகை கேட்பது முறைதான். மழைக்காலத்தில், பந்தை எடுத்துத் துடைத்து வைக்கும் உள்ளூர் விதி அன்று நடைமுறையில் இருக்கிறதா என்பதையும் டீயில் வைத்தே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தாழ்நிலக் கிரீன்களில் பெர்முடா வகைப் புல் அதிகம். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து வளரும். நீங்கள் பார்க்கும் திசையில் புல் பளபளத்தால் பந்து வேகமாக ஓடும், மங்கலாக இருந்தால் தடைப்படும். குழியின் விளிம்பில் எந்தப் பக்கம் பிய்ந்து காய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமே புல் சாய்கிறது. குளிர்நாட்டுக் கிரீன்களில் பழகியவர்கள் சரிவை மட்டும் பார்த்து, இதை விட்டுவிட்டுக் குட்டை புட்டுகளை (கிரீனில் பந்தைக் குழிக்குள் உருட்டும் அடி) தவறவிடுகிறார்கள்.

பழைய கிளப்கள் பலவற்றில் உறுப்பினர் அறிமுகமோ உங்கள் கிளப்பின் கடிதமோ கேட்பார்கள். ஹேண்டிகேப் சான்றிதழின் அச்சுப் பிரதியைக் கையில் வையுங்கள். அங்குள்ள ஸ்லோப் எண்ணை (சாதாரண ஆட்டக்காரருக்கு மைதானம் எவ்வளவு கடினம் என்பதன் அளவு) கேட்டு, உங்கள் ஹேண்டிகேப் இண்டெக்ஸை அதனால் பெருக்கி 113 ஆல் வகுத்து, கோர்ஸ் ரேட்டிங்குக்கும் (தேர்ந்த ஆட்டக்காரருக்கு மைதானம் எவ்வளவு கடினம் என்பதன் அளவு) பாருக்கும் உள்ள வித்தியாசத்தைச் சேர்த்தால் அன்றைய ஹேண்டிகேப் வரும். இண்டெக்ஸ் 18, ஸ்லோப் 125, ரேட்டிங்கும் பாரும் சமம் என்றால் 20. காலர் உள்ள சட்டை, மென்முள் காலணி இரண்டும் எங்கும் வேண்டும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்குக் கட்டணம் வேறாக இருக்கலாம். இந்தியாவில் ஓசிஐ அட்டைக்கு (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடியினருக்கான அட்டை) எந்தக் கட்டணம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனத்தில் போவதற்கு 2024 மே முதல் இ-பாஸ் தேவை. ஓட்டுநர் எடுத்துவிட்டாரா என்பதை முதல் நாளே உறுதி செய்யுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் போத்தலுக்கு நீலகிரியில் தடை உண்டு. எவர்சில்வர் போத்தல் கொண்டுபோங்கள். தூரம் காட்டும் ஜிபிஎஸ் கைக்கடிகாரத்தால் சிக்கல் இல்லை. செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவியை மட்டும் இந்தியாவுக்குள் எடுத்துச் செல்லாதீர்கள். அனுமதியின்றி வைத்திருந்ததற்காக விமான நிலையங்களில் பயணிகள் கைதாகியிருக்கிறார்கள்.