கட்டுக்குள் போன கட்டைவிரல்: தண்டவாள ஊழியரின் வீட்டில் முன்கூட்டியே செய்துவைக்க வேண்டியவை

என் கணவரின் கைப்பேசி அவருடைய வலது கட்டைவிரலை வைத்தால்தான் திறக்கும். விபத்து நடந்த அதிகாலையில் அந்த விரல் பெரிய வெள்ளைக் கட்டுக்குள் இருந்தது. சம்பளச் சீட்டுகள், மேற்பார்வையாளரின் எண், வீட்டுக் கடன் விவரம் எல்லாம் அந்தக் கைப்பேசிக்குள். கடவு எண் என்ன என்று கேட்டேன். வலி மருந்தின் அரைமயக்கத்தில் "நம் கல்யாண நாள்" என்றார். அவர் நினைத்திருந்த கல்யாண நாள் வேறு. அந்தச் சண்டையைப் பிறகு போட்டுக்கொண்டோம்.

சிங்கப்பூரில் எம்ஆர்டி நகர ரயிலின் தண்டவாளப் பராமரிப்பு பெரும்பாலும் கடைசி ரயில் போன பிறகு, முதல் ரயில் கிளம்புவதற்குள் கிடைக்கும் சில மணி நேரத்தில் நடக்கிறது. கெட்ட செய்தி வந்தால் ஊர் உறங்கும்போதுதான் வரும். ஆகவே முதல் வேலை, அவருடைய குழுவில் இருவரின் எண்களை உங்கள் கைப்பேசியில் சேமித்து, ஒலி அணைத்திருந்தாலும் அவர்கள் அழைத்தால் மட்டும் மணியடிக்கும்படி வையுங்கள். எனக்கு வந்த அழைப்பில், "அண்ணி, பயப்படாதீர்கள், கையில் மட்டும்தான்" என்றார் அவருடைய குழுவில் தம்பி போலப் பழகும் ஒருவர். நானும் சரி சரி என்று வைத்துவிட்டேன். எந்த மருத்துவமனை என்று கேட்கவே இல்லை. திரும்ப அழைத்தால் எடுக்கவில்லை. கேட்க வேண்டியவை மூன்றே: எந்த மருத்துவமனை, நினைவு இருக்கிறதா, கூட யார் இருக்கிறார்கள். இவற்றை எழுதிக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

பிள்ளைகளை அந்த நேரத்தில் யாரிடம் விடுவது என்பதையும் முன்பே பேசி வையுங்கள். எங்களுக்குக் கீழ்த்தளத்து மலாய் அம்மா இருந்தார், மாக்சிக் என்றுதான் கூப்பிடுவோம். கதவைத் தட்டியதும் தொழுகைத் துணியோடு மேலே வந்து உட்கார்ந்துகொண்டார்.

மருத்துவமனையில் தாதி, "வழக்கமாக என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?" என்றார். "வெள்ளையாக ஒன்று, காலையில்" என்றேன். பதினான்கு ஆண்டுக் குடித்தனத்தில் அவ்வளவுதான் தெரிந்திருந்தது. மருந்துப் பெட்டியில் உள்ள பெயரையும் அளவையும் எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதுங்கள். ஒவ்வாமை இருந்தால் மேலே சிவப்பு மையில். அந்தத் தாள் அவருடைய பணப்பையில் இருந்து பயனில்லை, பணப்பை வேலையிடத்து லாக்கரில் கிடக்கும். படமெடுத்து உங்களிடம் வையுங்கள்.

இனி பணம். "என் தவறுதான், கையை அங்கே வைத்திருக்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார் இவர். ஒரு மீட்டர் தண்டவாளம் ஏறத்தாழ 60 கிலோ, அது நகரும்போது கை எங்கே இருக்கிறது என்று யார் பார்த்துக்கொண்டிருப்பது? வேலையிடக் காயத்துக்கான இழப்பீட்டுச் சட்டத்தில் யார் தவறு என்பது கேள்வியே இல்லை. வேலையால் காயம் என்றால் போதும். குடித்துவிட்டுச் செய்தது போன்றவை வேறு விஷயம். இதை விபத்துக்கு முன்பே அவரிடம் சொல்லி வையுங்கள். வெட்கத்தில் காயத்தை மறைத்து, வீட்டில் விழுந்தேன் என்று சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. மருத்துவமனையில் சேர்த்தால் 60 நாள் வரை, வெளிநோயாளி விடுப்பில் 14 நாள் வரை முழுச் சம்பளம். அதற்கு மேல் மூன்றில் இரண்டு பங்கு, விபத்து நாளிலிருந்து ஓராண்டு வரை. 2025 நவம்பர் 1 முதல் நடக்கும் விபத்துகளுக்கு மருத்துவச் செலவு 53,000 சிங்கப்பூர் வெள்ளி அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அதுவரை. கோரிக்கையை விபத்து நடந்து ஓராண்டுக்குள் எழுப்ப வேண்டும். ஒரு நாள் மருத்துவ விடுப்பாக இருந்தாலும் முதலாளி மனிதவள அமைச்சுக்குத் தெரிவித்தாக வேண்டும். அவர் தெரிவித்தாரா என்று எழுத்தில் கேளுங்கள்.

கணக்கு விபத்துக்கு முந்தைய 12 மாதச் சராசரி வருமானத்தை வைத்துப் போடப்படுகிறது. இரவு வேலையில் மிகைநேர ஊதியம்தான் கனமான பங்கு, அதுவும் அதில் சேரும். அதனால் சம்பளச் சீட்டை மாதாமாதம் அச்சிட்டு ஓர் உறையில் போடுங்கள். நான் இப்போது ஏழாம் தேதியில் செய்கிறேன். அடையாள அட்டை நகல், காப்புறுதிப் பத்திர எண் ஆகியவையும் அதே உறையில்.

உறைக்குள் போக வேண்டியவற்றில் இரண்டு தாள்களுக்கு என் மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "நல்ல வார்த்தையே வராதா உன் வாயில்?" என்றார். ஒன்று எல்பிஏ (Lasting Power of Attorney). தலையில் அடிபட்டுக் கணவர் முடிவெடுக்கும் திறனை இழந்தால், அவர் சார்பில் வங்கிக்கும் மருத்துவருக்கும் பேச நமக்கு அதிகாரம் தரும் பத்திரம். அவர் தெளிவோடு இருக்கும்போதுதான் கையெழுத்திட முடியும். பிறகு என்றால் நீதிமன்றம் போக வேண்டும். மற்றது மத்திய சேம நிதி நியமனம், அதாவது அவருக்குப் பிறகு அந்தச் சேமிப்பு யாருக்கு என்று எழுதிவைப்பது. உயில் அந்தப் பணத்தைத் தொடாது. கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரில் எழுதியிருந்தால் கல்யாணத்தோடு அது செல்லாமல் போய்விடும். இதை மாமியாரிடம் காட்டியபோதுதான் அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இப்போது அவருக்கும் ஒரு பங்கு எழுதியிருக்கிறோம்.

பிள்ளைகளிடம் "அப்பா வேலை செய்யும்போது ரயிலே வராது" என்று சொல்லி வைத்திருந்தேன். அது முழு உண்மையல்ல. இரவிலும் பராமரிப்பு வண்டிகள் ஓடும். பகலில் ரயில் ஓடும்போது ஊழியர்கள் தண்டவாளத்தில் இறங்கியதும் உண்டு. 2016 மார்ச் 22 அன்று பாசிர் ரிஸ் அருகே இரண்டு இளம் பயிற்சி ஊழியர்கள் ரயில் மோதி இறந்தது பகலில்தான். பெரியவள் அதைப் பள்ளியில் கேள்விப்பட்டு வந்து கேட்டாள். இப்போது வேறு மாதிரிச் சொல்கிறேன்: மின்சாரத்தை அணைத்த பிறகே இறங்குவார்கள், காவலுக்கு ஆள் இருப்பார், அப்படியும் சில நேரம் அடிபடும், அடிபட்டால் மாக்சிக் மேலே வருவார், நான் அப்பாவிடம் போவேன்.

கைப்பேசியில் என் வலது ஆள்காட்டி விரலையும் இப்போது பதிந்திருக்கிறோம். பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு வைத்தால் எடுப்பதில்லை, துடைத்துவிட்டு வைக்க வேண்டும்.