கண்ணாடி போட மறுக்கும் பிள்ளை: பெரியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளிச் சுகாதாரக் குழு தொடக்கப்பள்ளி முதலாம் ஆண்டு மாணவர்களின் பார்வையைச் சோதித்து வீட்டுக்குக் கடிதம் அனுப்புகிறது. பெற்றோரும் தாமதிக்காமல், மலேசியாவின் பினாங்கில் பட்டர்வொர்த்திலோ ஜார்ஜ்டவுனிலோ உள்ள கண்ணாடிக் கடைக்குப் பிள்ளையை அழைத்துச் சென்று கண்ணாடி வாங்கித் தருகிறார்கள். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், அந்தக் கண்ணாடி புத்தகப் பையின் அடியில் ஒரு கால் வளைந்து கிடக்கிறது. பிள்ளைக்குப் பிடிவாதம் என்று வீட்டில் எல்லாரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். என் மகளுக்கு ஐந்து வயதில் கண்ணாடி எழுதித் தந்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். மூக்கு வலிக்கிறது, தரை சாய்ந்து தெரிகிறது, பாட்டி என்னைப் பார்த்து அழுதார் என்பவற்றையெல்லாம் சொல்லத் தெரியாத வயதில், கண்ணாடியைக் கழற்றி வைப்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்த பேச்சு என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

அதிகமான தவறுகள் கடையில் ஃபிரேம் தேர்ந்தெடுக்கும்போதே நடந்துவிடுகின்றன. பள்ளிச் சீருடையையும் காலணியையும் ஓர் அளவு பெரிதாக வாங்கிப் பழகிய நாம், வளரும் பிள்ளைதானே, அடுத்த ஆண்டுக்கும் ஆகும் என்று கண்ணாடியையும் பெரிதாக வாங்குகிறோம். காலணி பெரிதாக இருந்தால் நடை தளரும், அவ்வளவுதான். கண்ணாடி பெரிதாக இருந்தால் அது செய்யவேண்டிய வேலையையே செய்யாது. லென்ஸின் ஒளி மையம் கண்ணின் பாவைக்கு நேராக அமையவேண்டும். ஃபிரேம் மூக்கில் இறங்கிவிட்டால் பிள்ளை லென்ஸின் மேல் ஓரம் வழியாகவோ ஃபிரேமுக்கு மேலாகவோதான் பார்க்கும். அப்போது கண்ணாடி முகத்தில் இருந்தும் பயனில்லை. நம் பிள்ளைகள் பலருக்கு மூக்குத்தண்டு தாழ்வாக இருக்கும். பினாங்கின் வெயிலும் வியர்வையும் சேர்ந்தால், மூக்குப் பகுதி வார்ப்பாகவே அமைந்த பிளாஸ்டிக் ஃபிரேம் பள்ளி ஓய்வு நேரத்துக்குள் உதடுவரை வந்துவிடும். வளைத்துச் சரிசெய்யக்கூடிய சிலிக்கான் மூக்குப்பட்டைகள் உள்ள ஃபிரேம் இதற்கு ஏற்றது. கடையிலேயே பிள்ளையைக் குனியச் சொல்லுங்கள், தலையை ஆட்டச் சொல்லுங்கள், சிரிக்கச் சொல்லுங்கள். கண்ணாடி நழுவாமலும், இமைமுடி லென்ஸில் உரசாமலும், கால்கள் காதுக்குப் பின்னால் சரியான இடத்தில் வளைந்தும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அரைமணி நேரம் அணிந்த பிறகு மூக்கிலும் காது மடலின் பின்புறத்திலும் ஆழமான சிவந்த தடம் இருந்தால், அது பழகினால் சரியாகிவிடும் என்று விடக்கூடியதன்று; கடைக்குத் திரும்பக் கொண்டுபோய்ச் சரிசெய்யவேண்டியது. என் மகளின் முதல் ஃபிரேமை அப்படி மூன்று முறை சரிசெய்தும் பொருந்தாமல், கடைசியில் சிறிய அளவுக்கு மாற்றினோம். மாற்றிய வாரமே அவள் கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொண்டாள். நிறத்தையும் வடிவத்தையும் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். அளவை மட்டும் நாம் முடிவு செய்வோம். லென்ஸைப் பொறுத்தவரை, அடிபட்டாலும் எளிதில் உடையாத பாலிகார்பனேட்டே பிள்ளைகளுக்குப் பாதுகாப்பானது.

கண்ணாடி போட்டால் கண் அதற்கே பழகி இன்னும் கெட்டுவிடும், ஆகவே எப்போதாவது போட்டால் போதும், அல்லது பவரைக் கொஞ்சம் குறைத்துப் போடலாம் என்னும் எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. நம் மலேசியாவிலேயே 9 முதல் 14 வயதுவரையுள்ள, கிட்டப்பார்வை கொண்ட 94 பிள்ளைகளை இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு முழுப் பவரும் மற்றொன்றுக்கு ஏறத்தாழ 0.75 டயாப்டர் (லென்ஸ் பவரை அளக்கும் அலகு; கடைப் பேச்சில் 75) குறைத்தும் கண்ணாடி கொடுத்து இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். 2002ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் முடிவின்படி, முழுப் பவர் அணிந்தவர்களுக்குக் கிட்டப்பார்வை சராசரியாக 0.77 டயாப்டரும், குறைத்து அணிந்தவர்களுக்கு 1.00 டயாப்டரும் கூடியிருந்தன. குறைத்துப் போடுவது கண்ணைக் காப்பாற்றும் என்னும் நம்பிக்கைக்கு அந்த முடிவில் ஆதரவு ஏதும் இல்லை. சில வாரம் அணிந்த பிள்ளை, கழற்றினால் முன்பைவிட மங்கலாகத் தெரிகிறது என்று சொல்வது உண்மைதான். தெளிவு எப்படி இருக்கும் என்று இப்போது அதற்குத் தெரிந்துவிட்டது. முன்பு ஒப்பிட அதனிடம் எதுவும் இருக்கவில்லை. கேரட்டும் கீரையும் உடம்புக்கு நல்லவை, வைட்டமின் ஏ குறைபாட்டைத் தடுப்பவை. ஆனால் கிட்டப்பார்வையையோ தூரப்பார்வையையோ அவை மாற்றமாட்டா.

இரண்டு கண்களுக்கும் பவர் மிகவும் வேறுபட்டால் கண்ணாடி போடுவதைத் தள்ளிப்போடுவது உண்மையிலேயே ஆபத்தானது. மங்கலான கண்ணிலிருந்து வரும் காட்சியை மூளை புறக்கணிக்கத் தொடங்கிவிடுகிறது. இதைத்தான் சோம்பேறிக் கண் என்கிறார்கள். ஏழெட்டு வயதுக்குள் தொடங்கும் சிகிச்சைக்கே நல்ல பலன் கிடைக்கும். பல பிள்ளைகளுக்குக் கண்ணாடியை மட்டும் தொடர்ந்து அணிவதாலேயே நான்கு மாத அளவில் கணிசமான முன்னேற்றம் தெரிகிறது. தேவைப்பட்டால் அதன் பிறகு நல்ல கண்ணை மறைக்கும் ஒட்டுத்துணியைச் சேர்ப்பார்கள். இத்தகைய பிள்ளைக்குப் படிக்கும்போது மட்டும் போட்டால் போதும் என்று உறவினர் சொல்வதைக் கேட்டுவிடாதீர்கள். குளிக்கும் நேரமும் தூங்கும் நேரமும் தவிர முகத்தில் கண்ணாடி இருக்கவேண்டும்.

முதல் நாள்களின் முறையீடுகளை எப்படி எடுத்துக்கொள்வது என்பதிலும் நாம் தடுமாறுகிறோம். சிதறல் பார்வைக்கான, அதாவது கண்ணின் முன்பரப்பு எல்லாத் திசையிலும் ஒரே அளவில் வளையாததால் வரும் குறைக்கான, கண்ணாடி போட்ட பிள்ளைக்குத் தரை சாய்ந்தும், படிகள் உயர்ந்தும், கதவுச் சட்டம் வளைந்தும் தெரியலாம். ஓரிரு வாரத்தில் அது மறைந்துவிடும், அதுவரை மாடிப்படியில் கையைப் பிடித்துக்கொள்வது நல்லது. தூரப்பார்வைக்கான கண்ணாடி அணிந்த பிள்ளை, போட்டால்தான் மங்கலாகத் தெரிகிறது என்று அழலாம். இதுவரை கண்ணின் உள்தசை ஓயாமல் இறுகி உழைத்தே காட்சியைத் தெளிவாக்கி வந்தது. கண்ணாடி வந்தபின்னும் அது உடனே தளர்வதில்லை, சில வாரங்கள் ஆகும். அந்தத் தசையைத் தளர்த்தி உண்மையான பவரை அளப்பதற்குத்தான் சொட்டு மருந்து விடுகிறார்கள். கண் கூசும், பாவை விரிந்திருக்கும், கிட்டே மங்கும் என்று பயந்து பெற்றோர் அந்தச் சோதனையைத் தவிர்ப்பது வருத்தத்துக்குரியது. மருந்தைப் பொறுத்து ஒரு நாளிலோ ஓரிரு வாரத்திலோ அந்த விளைவு நீங்கிவிடும். மூன்று வாரத்துக்குப் பிறகும் தலைவலியோ குமட்டலோ இருந்தால், அல்லது பிள்ளை தலையைச் சாய்த்தே பார்த்தால், திட்டாமல் கண்ணாடியை எடுத்துச்சென்று, லென்ஸ் எழுதித் தந்த அளவின்படிதான் செய்யப்பட்டிருக்கிறதா என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டுப் பேச்சு பிள்ளையின் மனத்தில் எவ்வளவு ஆழமாகத் தங்குகிறது என்பதை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம். "இந்த வயசுலயே கண்ணாடியா? யார் கண்ணு பட்டுச்சோ!" என்று என் மாமியார் கண் கலங்கியது அன்பினால்தான். ஆனால் அதைக் கேட்ட என் மகள், தனக்கு ஏதோ கெட்டது நடந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டாள். பிறகு நான் அவரைக் கடைக்கே அழைத்துச் சென்று, பேத்தி அதுவரை பார்த்த மங்கலை ஒரு சோதனை லென்ஸ் வழியாகக் காட்டச் சொன்னேன். அன்றிலிருந்து தினமும் காலையில் முகம் கழுவியதும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுவிடுபவர் அவர்தான். தீபாவளியன்று குடும்பமாகப் படம் எடுக்கும்போது "கண்ணாடியைக் கழற்று, அழகாக இருக்கும்" என்று சொல்லும் சித்தப்பாவையும், பெண் பிள்ளையாயிற்றே என்று பெருமூச்சு விடும் அத்தையையும் பெற்றோர் மென்மையாகவும் உறுதியாகவும் தடுக்கவேண்டும். "சோடாப்புட்டி" என்னும் சொல் நம் வீட்டுக்குள் விளையாட்டாகக்கூட வரக்கூடாது. கண்ணாடியைத் தண்டனையோடும் இணைக்காதீர்கள். கைப்பேசி பார்த்ததால்தான் இந்தக் கதி என்று சொல்லிக்கொண்டே மாட்டிவிடும் கண்ணாடியை எந்தப் பிள்ளை விரும்பும்? தொடக்க நாள்களில், படம் பார்க்கும்போதும் வண்ணம் தீட்டும்போதும் போட்டுவிட்டால், தெளிவின் சுகத்தைப் பிள்ளை தானே கண்டுகொள்ளும்.

வகுப்பாசிரியரிடம் சொல்லாமல் விடுவதும் ஒரு தவறு. எந்நேரமும் அணியவேண்டுமா, கரும்பலகை பார்க்க மட்டுமா, உடற்கல்வி வேளையில் எங்கே வைப்பது என்று ஒரு சிறு குறிப்பு எழுதிக் கொடுத்தால், பிள்ளை நாற்பது பேருக்கு நடுவில் தனியாகப் போராட வேண்டியதில்லை. பூப்பந்தாடும் பிள்ளைக்கு, கண்ணாடி நழுவாமல் தலைக்குப் பின்னால் பிடித்துக்கொள்ளும் பின்பட்டை ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

சட்டை நுனியாலோ முந்தானையாலோ உலர்ந்த லென்ஸைத் துடைத்தால் தூசியே அதைக் கீறிவிடும். தண்ணீரில் கழுவி, ஒரு துளி பாத்திரச் சோப்பு தேய்த்து, அலசி, மென்துணியால் ஒற்றி எடுக்கவேண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் கண்ணாடியை வைத்துவிட்டால் மேற்பூச்சு வெடித்துவிடும். கழற்றும்போது இரண்டு கைகளாலும் கழற்றப் பழக்குங்கள்.

ஒருமுறை வாங்கியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாமல், ஆறு மாதத்துக்கு ஒருமுறையோ மருத்துவர் சொன்ன இடைவெளியிலோ மீண்டும் சோதிக்கவேண்டும். அந்தச் சோதனை அறையில் கேள்விகளுக்குப் பிள்ளையே பதில் சொல்லட்டும். சென்ற முறை எங்கே உறுத்துகிறது என்று கேட்டபோது நான் வாயைத் திறப்பதற்குள் என் மகள் காதுக்குப் பின்னால் விரலை வைத்து, "இந்தப் பக்கம் மட்டும்தான்" என்றாள். திருகாணியைத் தளர்த்தி அந்தக் காலை வளைத்துத் தர இரண்டு நிமிடம் ஆயிற்று.