எடை மெஷின் பயம் எனக்குப் போன விதம்

எடை குறைக்கத் தொடங்கியபோது நடைப்பயிற்சியோ பசியோ என்னைப் பயமுறுத்தவில்லை. எடை மெஷின்தான் பயமுறுத்தியது. முந்தின நாளைவிடச் சற்றுக் கூடியிருந்தாலும் அன்று முழுக்க மனசு சரியிருக்காது.

பயத்தைத் தெளியவைத்தது ஒரு சின்னச் சோதனை. எடை பார்த்துவிட்டு, அரை லிட்டர் தண்ணீர் குடித்து, உடனே மறுபடி ஏறினேன். அரை கிலோ அதிகம்! அதற்குள் யாருக்காவது கொழுப்பு சேருமா?

அப்புறம்தான் விவரம் தேடினேன். உப்பு கூடினால் உடம்பு நீரைப் பிடித்து வைக்கும். மாவுச்சத்து, உடம்பு சேமித்து வைக்கும் சர்க்கரையான கிளைக்கோஜனாகச் சேரும்போது ஒரு கிராமுக்குச் சுமார் 3 கிராம் தண்ணீரும் கூடவே தங்கும். கல்யாண விருந்துக்கு மறுநாள் எடை ஏறுவது பெரும்பாலும் இதனால்தான். ஒரு கிலோ கொழுப்பு சேரச் சுமார் 7,700 கலோரி மிஞ்ச வேண்டும். ஒரே பந்தியில் அது நடக்காது. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் எடை ஏறுவதற்கும் பெரும்பாலும் நீர்தான் காரணம்.

இப்போது காலைக்கடன் முடித்து, வெறும் வயிற்றில் பார்க்கிறேன். மெஷின் கெட்டியான தரையில் இருக்க வேண்டும். பாய்மேல் வைத்தால் தப்பாகக் காட்டும். எண்ணைக் காலண்டரில் குறித்து, ஞாயிறன்று வாரச் சராசரி எடுத்து, போன வாரச் சராசரியோடு மட்டும் ஒப்பிடுகிறேன். தினமும் பார்ப்பது படுத்துகிறதா? சரி, தையல் டேப்பால் இடுப்பை மட்டும் அளந்து வாருங்கள்.