ஆங்கிலச் சொற்களைக் குடும்பம் குடும்பமாகப் படிப்பது எப்படி

தினம் பத்துச் சொல் என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தால் மூன்றாவது வாரத்தில் பட்டியல்தான் மிஞ்சும். ஞாபகசக்தியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒன்றோடொன்று ஒட்டாத சொற்களை மூளை பிடித்துவைப்பதில்லை. ஒரே பகுதியிலிருந்து பிறக்கும் சொற்களை ஒரு குடும்பமாகச் சேர்த்துப் படியுங்கள். பள்ளியில் பகுபதத்தைப் பகுதி, விகுதி என்று பிரித்தோமே, அதே பழக்கம் இங்கே கைகொடுக்கும். தமிழில் ஒட்டுகள் பெரும்பாலும் சொல்லின் பின்னால் சேரும். ஆங்கிலத்தில் முன்னாலும் சேரும். முன்னொட்டு பொருளை மாற்றும். பின்னொட்டு பெரும்பாலும் சொல்லின் வகையை, அதாவது வினையைப் பெயராகவும் பெயரைப் பெயரடையாகவும் மாற்றும்.

ஒரு நோட்டு எடுத்து, சொல்லுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். குறுக்கே நான்கு கட்டம்: வினை, பெயர், பெயரடை, வினையடை. டிசைட் என்ற சொல்லை எடுத்தால் டிசைட், டிசிஷன், டிசைசிவ், டிசைசிவ்லி என்று நான்கும் நிரம்பும். எல்லாச் சொல்லுக்கும் இப்படி நிரம்பாது. இல்லாத இடத்தில் கோடு போடுங்கள், நீங்களாக உருவாக்கி எழுதாதீர்கள். டேஞ்சர் என்ற பெயருக்கு வினை வேண்டுமென்றால் முன்னால் 'என்' சேர்ந்து எண்டேஞ்சர் ஆகிறது. பெயர்க் கட்டத்தில் ஆளுக்கும் செயலுக்கும் தனித்தனி இடம் விடுங்கள்: வேலை கொடுப்பவர் எம்ப்ளாயர், வேலை பெறுபவர் எம்ப்ளாயீ, வேலை எம்ப்ளாய்மெண்ட். 'அர்' சேர்த்தால் செய்பவர் என்ற விதியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினால், சமைப்பவரைக் குக்கர் என்று எழுதிவிடுவோம். அது சாதனம், சமைக்கும் ஆள் குக்.

வினை பெயராகும்போது பகுதியே உருமாறும் இடத்தில்தான் அதிகம் தடுமாறுகிறோம். இதைச் சொல் சொல்லாகப் படிக்க வேண்டாம், வரிசையாகப் படியுங்கள். பெர்மிட் பெர்மிஷன் ஆகிறது. அட்மிட், சப்மிட் இரண்டும் அதே வழியில் அட்மிஷன், சப்மிஷன் ஆகின்றன. டிஸ்க்ரைப், ப்ரிஸ்க்ரைப் இரண்டும் டிஸ்க்ரிப்ஷன், ப்ரிஸ்க்ரிப்ஷன். கன்க்ளூட் கன்க்ளூஷன் என்றால் எக்ஸ்க்ளூட் என்ன ஆகும் என்று இனி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எக்ஸ்பெல் எக்ஸ்பல்ஷன், கம்பெல் கம்பல்ஷன். ஒரு வரிசை தெரிந்தால் ஐந்தாறு சொல் இலவசம்.

வரிசையிலும் கண்ணி உண்டு. டிடெய்ன், ரிடெய்ன் இரண்டும் டிடென்ஷன், ரிடென்ஷன். ஆனால் மெயின்டெய்ன் போவது மெயின்டெனன்ஸ் பக்கம். ப்ரொனௌன்ஸ் பெயராகும்போது நடுவில் ஓர் எழுத்தை இழந்து ப்ரொனன்சியேஷன் ஆகிறது. படித்தவர்களும் அதைப் ப்ரொனௌன்சியேஷன் என்றே சொல்லியும் எழுதியும் வருகிறார்கள். பின்னொட்டு மாறும்போது அழுத்தமும் இடம்பெயரும்: ஃபோட்டோகிராஃப் என்பதில் முதல் அசையில் அழுத்தம், ஃபோட்டாகிரஃபர் என்பதில் இரண்டாவதில், ஃபோட்டோகிராஃபிக் என்பதில் மூன்றாவதில். ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் அழுத்தம் விழும் அசைக்கு அடியில் கோடு இடுங்கள். சொல்லின் பொருள் தெரிந்தும் காதில் விழும்போது பிடிபடாமல் போவதற்கு இந்த அழுத்த மாற்றம் முக்கியமான காரணம்.

எதிர்மறை முன்னொட்டான 'இன்' நம் புணர்ச்சி விதியைப் போலவே நடக்கும். மண்ணும் குடமும் சேர்ந்து மட்குடம் ஆவதுபோல, அடுத்து வரும் ஒலிக்கேற்ப அது திரியும். உதடு சேர்ந்து பிறக்கும் ஒலிக்கு முன் 'இம்' ஆகும்: இம்பாஸிபிள், இம்மெச்சூர். லீகல் இல்லீகல் ஆகும், ரெகுலர் இர்ரெகுலர் ஆகும். எழுத்து ஏன் இரட்டிக்கிறது என்ற கேள்விக்கும் இதுவே விடை. 'இன்' கண்டதெல்லாம் எதிர்ப்பொருள் என்று முடிவு கட்டாதீர்கள். இன்ஃப்ளேமபிள் என்றால் எளிதில் தீப்பற்றும் என்று பொருள். அதிலிருப்பது வேறு 'இன்'. இன்வேல்யுபிள் என்றால் மதிப்பில்லாதது அல்ல, மதிப்பிடவே முடியாத அளவு உயர்ந்தது.

லத்தீன் வேர்கள் பத்துப் பதினைந்து தெரிந்தால் போதும். ஸ்பெக்ட் என்றால் பார்த்தல்: இன்ஸ்பெக்ட், ஸ்பெக்டேட்டர், ப்ராஸ்பெக்ட். போர்ட் என்றால் சுமத்தல்: இம்போர்ட், எக்ஸ்போர்ட், போர்ட்டபிள். வேர் ஊகிக்கத்தான் உதவும், உறுதி செய்வது அகராதியின் வேலை. பெடல், பெடஸ்ட்ரியன் இரண்டிலும் இருக்கும் 'பெட்' பாதத்தைக் குறிப்பது. அதை வைத்துப் பீடியாட்ரிக்ஸ் கால் வைத்தியம் என்று நினைத்தால் தவறு. அங்கே இருப்பது குழந்தையைக் குறிக்கும் கிரேக்க வேர்.

பொருளுறவுக்கு, அதாவது எதிர்ச்சொல்லுக்கும் ஒத்த சொல்லுக்கும், அதே பக்கத்தின் கீழ்ப்பாதி. எதிர்ச்சொல்லை ஒரு அர்த்தத்துக்கு ஒன்றாக எழுதுங்கள்: ஓல்டு என்பதற்கு ஆளைச் சொன்னால் யங், பொருளைச் சொன்னால் நியூ. ஒத்த சொற்களை வெறும் பட்டியலாக எழுதுவது எழுதாமல் இருப்பதைவிட மோசம். ஸ்லிம் என்றால் பாராட்டு, ஸ்கின்னி என்றால் பெரும்பாலும் குத்தல், தின் இரண்டுக்கும் நடுவே. அந்த வேறுபாட்டை ஒற்றைச் சொல்லில் பக்கத்தில் குறியுங்கள்.

அடுத்து, சேர்ந்து வரும் சொல். யானை பிளிறும், மயில் அகவும் என்பது நமக்கு மரபு. மாற்றிச் சொன்னால் காது ஏற்காது. ஆங்கிலத்திலும் டிசிஷனை மேக் செய்வார்கள், ஹோம்வொர்க்கை டூ செய்வார்கள். மழை ஹெவி, தேநீர் ஸ்ட்ராங். மாற்றிப் போட்டால் இலக்கணம் சரியாக இருந்தாலும் அந்நியமாக ஒலிக்கும். ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் அதனுடன் வரும் வினை ஒன்றையும் பெயரடை ஒன்றையும் எழுதினால் போதும்.

நாளுக்கு ஒரு பக்கம், இருபது நிமிடம். அதற்கு மேல் பேராசைப்படாதீர்கள். மறுநாள், நான்காம் நாள், பத்தாம் நாள், முப்பதாம் நாள் என்று அதே பக்கத்துக்குத் திரும்புங்கள். வினைக் கட்டத்தைத் தவிர மற்றவற்றைக் கையால் மறைத்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பத்தாம் நாளும் தடுக்கும் சொல்லை மறுபடி மறுபடி எழுதுவது வீண். அதை வைத்து உங்கள் வேலையையோ படிப்பையோ பற்றி இரண்டு வாக்கியம் எழுதி, முப்பதாம் நாள் அந்த வாக்கியத்திலிருந்து தொடங்குங்கள்.