சுப்பீரியர் ஏரிப் பக்கம் குடும்பத்தோடு காம்பிங்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரொறன்ரோவிலிருந்து காம்பிங் போகும் நம் குடும்பங்கள் பெரும்பாலும் அல்கொன்குவின் பூங்காவோடு நின்றுவிடுகின்றன. அதைத் தாண்டி, 17ஆம் நெடுஞ்சாலையில் சட்பரி, சூ சென் மரி எல்லாம் கடந்து சுப்பீரியர் ஏரிக்கரைக்குப் போக வேண்டும் என்ற ஆசை இப்போது பலருக்கு வந்திருக்கிறது. நல்ல ஆசை. ஒன்ராறியோவில் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய இடங்களில் நான் முதலில் சொல்வது இதைத்தான். சிக்கல் என்னவென்றால், தெற்கே வார இறுதி காம்பிங்குக்குப் போடும் அதே திட்டத்தை இங்கேயும் கொண்டுபோகிறோம். தெற்கில் எதை மறந்தாலும் கொஞ்ச நேரத்தில் ஒரு கடை வந்துவிடும். சூ சென் மரிக்கு வடக்கே வாவா என்ற ஊரைத் தாண்டினால் அடுத்த ஊரே ஒரு மணி நேரத் தொலைவு. அங்கே கடை பூட்டியிருந்தால் அதற்கடுத்த ஊருக்கு இன்னொரு மணி நேரம்.

தூரத்தைக் குறைவாக நினைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. ரொறன்ரோவிலிருந்து சட்பரி ஏறத்தாழ 400 கிலோமீற்றர், சூ சென் மரி 700, அங்கிருந்து வாவா இன்னும் 225. தண்டர் பே வரை போனால் ஒரு வழிக்கே 1,400 அளவில் வரும். ஒரே வாரத்தில் தண்டர் பே போய்த் திரும்பலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். போகலாம்தான், ஆனால் அந்த வாரத்தில் பிள்ளைகள் அதிகம் பார்ப்பது முன் சீற்றின் முதுகைத்தான். அதோடு இது பல தடங்கள் உள்ள 401ஆம் நெடுஞ்சாலை மாதிரிச் சாலையும் அல்ல. பெரும்பாலான இடங்களில் போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டே தடம். வேக எல்லை 90. ஏற்றத்தில் ஒரு பெரிய லொறிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், முந்தும் தடம் வரும்வரை அதன் வேகம்தான் உங்கள் வேகம். கோடையில் சாலை வேலையும் நடக்கும். ஒரு பக்கத்தை மறித்து, கொடி காட்டி, மாறி மாறி விடுவார்கள். போனில் வரைபடம் காட்டும் நேரத்தில் இது ஒன்றும் இல்லை. சின்னப் பிள்ளையைக் கழிவறைக்குக் கூட்டிப்போகும் நேரமும் இல்லை.

ஒரு நாளுக்கு ஐந்து, ஆறு மணி நேர ஓட்டம் போதும். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதல் இரவு மாசி என்ற ஊருக்குப் பக்கத்தில் உள்ள சூட்ஸ் பூங்காவில் தங்குங்கள். சட்பரியிலிருந்து மேற்கே 100 கிலோமீற்றர் அளவு. உள்ளேயே அருவி இருக்கிறது, பிள்ளைகள் கால் கை உதறி ஓட இடம் இருக்கிறது. அடுத்த நாள் சுப்பீரியர் ஏரி மாகாணப் பூங்காவில் அகாவா பே முகாமுக்குப் போய், அங்கே குறைந்தது மூன்று இரவு அசையாமல் இருங்கள். நாட்கள் மிஞ்சினால் மரதன் ஊருக்குப் பக்கத்தில் உள்ள பக்கசா தேசியப் பூங்கா. தண்டர் பே, ககபெக்கா அருவி, விமே கனியன் எல்லாம் நல்ல இடங்கள்தான், அவற்றை இரண்டு வாரம் கிடைக்கும் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம். தினமும் கூடாரத்தைப் பிரித்துக் கட்டுவதை விட்டால்தான் பயணம் விடுமுறையாக இருக்கும்.

தூரத்தோடு சேர்த்து யோசிக்க வேண்டிய இன்னொன்று, பக்கத்தில் மாற்று வழி கிடையாது என்பது. ஏரியை ஒட்டிய இந்தப் பகுதிச் சாலை முழுதாக இணைக்கப்பட்டதே 1960இல்தான். 2016 ஜனவரியில் நிப்பிகன் ஆற்றின் புதுப் பாலம் போல்ட்டுகள் அறுந்து மேலே தூக்கிக்கொண்டது. பாலத்தை மூடியதும் கனடாவின் கிழக்கையும் மேற்கையும் நாட்டுக்குள்ளேயே இணைக்கும் சாலை அறுந்துபோனது. சுற்றிப் போக வேண்டுமென்றால் அமெரிக்காவுக்குள் நுழைந்துதான் போக வேண்டியிருந்தது. கோடையில் அந்த அளவுக்கு நடக்காவிட்டாலும், ஒரு விபத்தோ காட்டுத்தீயோ சாலையைப் பல மணி நேரம் மூடிவிடும். அதனால் திரும்பி வந்த அடுத்த நாளே வேலைக்குப் போக வேண்டும் என்று நாள் குறிக்காதீர்கள், நடுவில் ஒரு நாள் சும்மா இருக்கட்டும். ஒவ்வொரு காலையும் புறப்படும் முன் மாகாணத்தின் சாலைத் தகவல் சேவையான ஒன்ராறியோ 511இல் சாலை நிலவரம் பாருங்கள்.

அப்புறம், இரவு ஓட்டம். வேலை முடிந்து வெள்ளிக்கிழமை மாலை புறப்பட்டு, பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் தூரத்தைக் கடந்துவிடலாம் என்பது நம் வீடுகளில் வழக்கமான கணக்கு. சட்பரி வரை அது சரி. அதற்கு மேலே வேண்டவே வேண்டாம். காரணம் மூஸ், மான் இனத்திலேயே பெரிய விலங்கு. வளர்ந்த மூஸ் 400, 500 கிலோ இருக்கும். நிறமோ கருமை. சாதாரண மானைப் போலக் கண் மின்னும் என்று எதிர்பார்க்கவும் முடியாது, அதன் கண் உங்கள் முகப்பு விளக்கின் வெளிச்சத்துக்கு மேலே இருக்கும். கால்கள் உயரம் என்பதால் கார் மோதினால் கால் முறிந்து, அந்த உடம்பு முழுவதும் முன் கண்ணாடி வழியாக உள்ளே வரும். மே, ஜூன் மாதங்களில் இன்னும் கவனம் தேவை. குளிர்காலத்தில் சாலைக்குப் போட்ட உப்பு ஓரக் குழிகளில் தேங்கியிருக்கும், அதைத் தேடி வரும். அந்தி கருகும் முன் முகாமில் இருக்கும்படி நேரத்தைக் கணக்குப் போடுங்கள். இருட்டில் புது இடத்தில் கூடாரம் அடிக்கும் தொல்லையும் அப்போது இல்லை.

பதிவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் நீங்கள் போய்ச் சேரும் நாளுக்கு ஐந்து மாதம் முன்னால், காலை 7 மணிக்குப் பதிவு திறக்கும். ஜூலைக்கு வேண்டுமானால் பெப்ரவரியிலேயே உட்கார வேண்டும். அகாவா பேயில் ஏரியைப் பார்த்த முகாம் தளங்கள் முதலில் போய்விடும். பக்கசா தேசியப் பூங்கா என்பதால் அதற்கான பதிவு வேறு, தேசியப் பூங்காக்களை நடத்தும் பார்க்ஸ் கனடாவின் இணையதளத்தில். நம்மவர்கள் அடிக்கடி தடுக்கிவிழும் இடம் ஆள் கணக்கு. ஒரு முகாம் தளத்துக்கு ஆறு பேர்தான், தாய் தகப்பன் பிள்ளைகள் என்று ஒரே குடும்பமாக இருந்தால் மட்டும் விலக்கு. சித்தி குடும்பம், மாமா குடும்பம் என்று பன்னிரண்டு பேர் போவதென்றால் பக்கத்துப் பக்கத்துத் தளங்களாக ஆரம்பத்திலேயே எடுங்கள்.

இனி சாப்பாடு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் சமையலின் வாசனை கரடிக்கு நல்ல தூரத்திலிருந்தே தெரியும். இந்தப் பகுதி முழுவதும் கறுப்புக் கரடி நடமாட்டம் உண்டு. அது மனிதரைத் தேடி வருவதில்லை, சாப்பாட்டைத் தேடி வருகிறது. ஒருமுறை முகாமில் ருசி கண்டால் திரும்பத் திரும்ப வரும். கடைசியில் அந்தக் கரடியைச் சுட வேண்டிய நிலைகூட வரலாம். நாம் மேசையில் விட்டுவந்த அரைச் சட்டி கறிக்கு ஓர் உயிர் போவது எவ்வளவு கொடுமை! ஆகவே கருவாடு பொரிக்கும் எண்ணத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். வெங்காயம் வதக்கி, கறி கொதிக்கவைத்து மணிக்கணக்காகச் சமைப்பதும் இங்கே தேவையில்லை. கோழிக் கறியையும் பருப்பையும் வீட்டில் சமைத்து, இறுக மூடும் சிப் பைகளில் தட்டையாக ஊற்றி, கல்லாக உறையவைத்துக் கொண்டுபோங்கள். கூலருக்குள் அதுவே ஐஸ் வேலையையும் பார்க்கும். அங்கே சூடாக்கி, தவாவில் ரொட்டி போட்டால் சாப்பாடு ஆச்சு. கூலர் இரண்டு வேண்டும்: பிள்ளைகள் ஜூஸுக்காகத் திறந்து திறந்து மூடுவதற்கு ஒன்று, இறைச்சிக்கும் பாலுக்கும் இன்னொன்று. ஒரே கூலர் என்றால் இரண்டாம் நாளே ஐஸ் தண்ணீராகிவிடும். துண்டு ஐஸைவிடக் கட்டி ஐஸ் அதிக நேரம் நிற்கும்.

சாப்பிட்டு முடித்ததும் கூலர், குப்பை, கழுவாத சட்டி எல்லாம் காருக்குள் போய்க் கண்ணாடி ஏற்றப்பட வேண்டும். தூங்கப் போகும்போது மட்டும் செய்வதல்ல இது, நடக்கப் போகும்போதும், குளிக்கப் போகும்போதும் செய்ய வேண்டும். பற்பசையும் சவர்க்காரமும் கரடிக்குச் சாப்பாட்டு வாசனைதான், அவையும் காருக்குள். குழந்தையின் பால் போத்தலைக் கூடாரத்துக்குள் கொண்டுபோவதுதான் பலர் கவனிக்காமல் விடும் ஒன்று. பாத்திரம் கழுவிய தண்ணீரைத் தளத்தைச் சுற்றி ஊற்றவும் கூடாது, பூங்காவில் காட்டும் இடத்தில் ஊற்றுங்கள்.

கரடியால் பயணத்தை இடையில் முடித்துக்கொண்டு திரும்பியவர்கள் அரிது. பூச்சியால் திரும்பியவர்கள் நிறைய. விக்டோரியா தின விடுமுறை வருகிறதே என்று மே கடைசியில் போவது, அல்லது பள்ளிக்கூடம் முடிவதற்குள் ஜூன் முதல் வாரத்தில் போவது: இரண்டும் பிளாக் ஃப்ளை காலம். இது சின்னக் கறுப்பு ஈ. ஓடும் தண்ணீரில் பெருகும், பகலில் கடிக்கும். கடிக்கும்போது வலிக்காது. பிள்ளையின் காதுக்குப் பின்னால் ஒரு கோடாக இரத்தம் வடிவதைப் பார்த்த பிறகுதான் உங்களுக்கே தெரியும், அதற்குள் அந்த இடம் தடித்துப்போயிருக்கும். சட்டைக் கழுத்து, காற்சட்டை விளிம்பு, தொப்பிக்குள் முடி ஓரம் என்று ஊர்ந்து ஊர்ந்து போகும். கடும் நீலம், கறுப்பு உடுப்பு அதற்குப் பிடிக்கும், ஆகவே வெளிர் நிறம், நீளக் கை, காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிவிடுவது. தலைக்கு ஒரு வலை இருந்தால் எல்லோருக்கும் நிம்மதி. இருட்டியதும் அது ஓயும், நுளம்பு தொடங்கும்.

பூச்சி விரட்டும் மருந்து பூசுவதிலும் கணக்கு உண்டு. பெரியவர்களுக்கு 30 சதவீதம் வரை டீட் என்ற மருந்து உள்ளது சரி. 2 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். இக்காரிடின் என்ற இன்னொரு மருந்து, 20 சதவீதம் உள்ளது, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட எல்லோருக்கும் பொருந்தும், பிளாஸ்டிக்கைக் கரைக்கவும் செய்யாது, நான் அதைத்தான் விரும்புவேன். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு மருந்தே கூடாது, வலைதான். உங்களுக்குத் தெரிவு இருந்தால் ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் முடியும்வரை போங்கள். பூச்சி குறைந்திருக்கும், ஏரியின் குளிரும் ஓரளவு குறைந்திருக்கும்.

ஓரளவுதான். சுப்பீரியர் 82,000 சதுர கிலோமீற்றருக்கு மேல் பரந்த, 400 மீற்றர் ஆழம் போகும் நன்னீர்க் கடல். ஜூலையிலும் அதன் குளிர் எலும்பில் ஏறும். வெயிலைப் பார்த்துப் பிள்ளைகள் ஓடிப்போய்க் குதித்தால், குளிர் அதிர்ச்சியில் மூச்சு இழுத்துக்கொள்ளும், நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளைக்கும் அப்படித்தான். இந்தப் பூங்காக்களில் உயிர்காப்பாளர் கிடையாது. காற்றடைத்த மிதவையைக் கொண்டுபோகவே கொண்டுபோகாதீர்கள், கரையிலிருந்து வீசும் காற்று நிமிடத்தில் அதை ஆழத்துக்குத் தள்ளிவிடும். பிள்ளைகள் தண்ணீரில் அளைய கத்ரின் கோவ் நல்ல இடம். மணல், ஆழம் குறைவு, அதனால் தண்ணீரும் கொஞ்சம் சூடு. அகாவா பாறையில் இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான அனிஷினாபே மக்கள் செங்காவியால் தீட்டிய பழைய ஓவியங்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆனால் அவற்றைப் பார்க்க, ஏரியை நோக்கிச் சரிந்த ஒரு குறுகிய பாறை விளிம்பில் நடக்க வேண்டும். பாறை ஈரமாக இருந்தாலோ அலை ஏறியிருந்தாலோ அன்றைக்கு விட்டுவிட்டு, ஏரி அமைதியான இன்னொரு காலையில் போங்கள். மூன்று இரவு ஒரே இடத்தில் இருக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். ஓவியங்களைத் தொடக் கூடாது, அது அந்த மக்களுக்கு இன்றும் புனிதமான இடம்.

இரவில் 10 பாகைக்குக் கீழே இறங்குவது ஜூலையிலும் சாதாரணம். குளிர் மேலிருந்து வருவதைவிட நிலத்திலிருந்து ஏறுவது அதிகம். நாம் விரும்பி வாங்கும் பெரிய காற்று மெத்தை இங்கே உதவாது, உள்ளே உள்ள காற்றுக் குளிர்ந்து இரவு முழுக்க முதுகை உறையவைக்கும். நுரைப் பாய் ஒன்றை விரித்து, அதற்கு மேல் படுங்கள். காற்று மெத்தைதான் வேண்டுமென்றால் அதன் மேல் தடித்த கம்பளி. அம்மம்மா, அப்பப்பா வருகிறார்கள் என்றால் அவர்களுக்கு மடக்குக் கட்டில் எடுங்கள், தரையிலிருந்து எழும்புவது அவர்களுக்குக் கஷ்டம். எவ்வளவு குளிர்ந்தாலும் அடுப்பையோ கரித் தட்டையோ கூடாரத்துக்குள் எடுக்காதீர்கள். அதிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். ஜூன் கடைசியில் வாவாப் பக்கம் சூரியன் மறையவே இரவு ஒன்பதேமுக்கால் ஆகும், சின்னவர்கள் தூங்க மாட்டார்கள். கண் மறைப்பு ஒன்று வைத்திருங்கள்.

விறகை ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து ஏற்றிக்கொண்டு போவதும் தவறு. ஆஷ் மரங்களை அழிக்கும் மரகத வண்டு விறகோடுதான் ஊர் ஊராகப் பரவியது. போன இடத்திலேயே வாங்குங்கள். கோடையில் தீத் தடை அறிவித்தால் முகாம் நெருப்பே மூட்ட முடியாது, ஆகவே எல்லாவற்றையும் விறகில் சமைப்போம் என்று நம்பிப் போகாமல் ஒரு காஸ் அடுப்பு இருக்கட்டும்.

பெற்றோல் பாதித் தொட்டிக்கு இறங்கியதும், அடுத்து வரும் நிலையத்திலேயே நிரப்புங்கள், விலை கூடுதலாக இருந்தாலும். இரவில் பூட்டும் நிலையங்கள் உண்டு. புதிய கார்கள் பலவற்றில் ஸ்பெயார் ரயர் இருப்பதில்லை, காற்றடிக்கும் கருவியும் ஒட்டும் பசையும்தான் வைத்திருப்பார்கள். புறப்படும் முன் டிக்கியைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். சூ சென் மரிக்கும் வாவாவுக்கும் இடையில் போன் வேலை செய்யாத நீண்ட பகுதிகள் இருக்கின்றன, பூங்காவுக்குள்ளும் அப்படித்தான். வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கிவையுங்கள், பதிவுத் தாளை அச்சடித்து எடுங்கள். எந்த இரவு எந்தப் பூங்கா, எந்தத் தளம் என்று எழுதி வீட்டில் இருக்கும் ஒருவரிடம் கொடுங்கள். எந்த ஊரிலிருந்து எப்போது கூப்பிடுவீர்கள், எவ்வளவு நேரம் பொறுத்தும் தகவல் வராவிட்டால் பொலிஸுக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.