முடிசூட்டுக் கோப்பைகள்: பொறித்த ஆண்டை நம்பி வாங்காதீர்கள்

அரசர்களின் முடிசூட்டு விழாக்களையும் வெற்றிகளையும் நினைவுகூரும் பழைய ஆங்கிலேயக் கண்ணாடிக் கோப்பைகளை வாங்குவோர் செய்யும் பெருந்தவறு, அதில் பொறித்திருக்கும் ஆண்டையே கோப்பை பிறந்த ஆண்டாகக் கொள்வதுதான். இங்கிலாந்தின் புராட்டஸ்டன்டு அரசர் மூன்றாம் வில்லியம் அயர்லாந்தின் பாய்ன் ஆற்றுப் போரில் வென்ற 1690ஆம் ஆண்டைத் தாங்கிய கோப்பைகளில் பெரும்பாலானவை 18ஆம் நூற்றாண்டிலோ அதற்கும் பின்னரோ செய்யப்பட்டவை. அயர்லாந்தின் புராட்டஸ்டன்டுகள் தலைமுறை தலைமுறையாக அவர் நினைவைப் போற்றி மது அருந்தியதால், அவற்றுக்கான தேவை நீண்ட காலம் குறையவில்லை. தண்டின் உட்குமிழில் நாணயம் இட்ட கோப்பைகளுக்கும் இதே கணக்குதான்: நாணயம் அச்சான ஆண்டுக்கு முன் அந்தக் கோப்பை செய்யப்படவில்லை என்பது மட்டுமே அதிலிருந்து உறுதியாகும்.

இதைவிட நுட்பமான சிக்கல், கோப்பை உண்மையிலேயே பழையதாகவும் பொறிப்பு மட்டும் புதியதாகவும் இருப்பது. வெறுங்கோப்பை ஒன்றில், அரியணை இழந்த ஸ்டூவர்ட் அரச மரபினரின் ஆதரவாளர்களுக்குரிய ரோஜாவையும் மொட்டுகளையும் செதுக்கிவிட்டால் விலை பல மடங்கு ஏறிவிடும். போஹீமியாவிலிருந்து டப்ளினுக்கு வந்த ஃபிரான்ஸ் டீட்சே என்ற கைதேர்ந்த கலைஞர் பொறித்த போலி வரலாற்றுச் சின்னங்கள் வல்லுநர்களையே நெடுங்காலம் ஏமாற்றின. ஆகவே உருப்பெருக்கியை எடுத்து, பயன்பாட்டால் விழுந்த மெல்லிய கீறல்கள் பொறிப்பின் மீதும் தொடர்கின்றனவா, அல்லது பொறிப்புக் கோடுகள் அவற்றை வெட்டிச் செல்கின்றனவா என்று பொறுமையாகப் பாருங்கள். வெட்டிச் சென்றால் பொறிப்பு பிந்தியது. அடிப்பாதத்தின் தேய்மானமும் பேசும்: மேசையில் பட்டுப் பட்டுத் தேய்ந்த கீறல்கள் பல திசைகளில் ஒழுங்கின்றிக் கிடக்கும், உப்புத்தாளால் தேய்த்தவையோ ஒரே சீராக ஓடும்.

பிரிட்டிஷ் அரசர் எட்டாம் எட்வர்டின் முடிசூட்டு நினைவுப் பொருட்களை அரியவை என்று எண்ணி அதிக விலை கொடுப்பதும் வழக்கமாகிவிட்டது. 1937 மே 12ஆம் தேதிக்குக் குறித்திருந்த விழா, 1936 டிசம்பரில் அவர் முடிதுறந்ததால் நடக்காமல் போனது உண்மையே. ஆனால் உற்பத்தியாளர்கள் முன்கூட்டியே ஏராளமாகச் செய்து குவித்துவிட்டதால், விழா நடக்காதது மட்டுமே அப்பொருட்களை அரிதாக்கிவிடவில்லை.

வாங்கிய கண்ணாடிக் கோப்பையைப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் இடாதீர்கள். ஈயம் கலந்த கண்ணாடி அதில் மங்கிப்போகும், அந்த மங்கல் எளிதில் நீங்காது. வெதுவெதுப்பான நீரில் கையால் கழுவி, துடைக்கும்போது பாதத்தைப் பிடித்துத் திருகாமல் கிண்ணப் பகுதியையே தாங்கிக்கொள்ளுங்கள், இல்லையேல் தண்டு முறிந்துவிடும்.